இமையும் நாசியும் அறிந்த அறுவை மருத்துவர்: அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி

இப்னு சீனாவின் பெயர் நம் வீடுகளில் பழகிய பெயர். அதே காலத்தில் இஸ்லாமிய உலகின் மேற்குக் கோடியில் வாழ்ந்த இன்னொரு பெரும் மருத்துவரைப் பற்றி நம் பிள்ளைகளிடம் கேட்டால், பெரும்பாலும் தயக்கமே பதிலாக வரும். அவர் முழுப்பெயர் அபுல் காசிம் கலஃப் இப்னு அல்அப்பாஸ் அஸ்ஸஹ்ராவி. ஐரோப்பியர் அதைச் சுருக்கி அல்புகாசிஸ் என்றார்கள். அறுவை மருத்துவத்தின் தந்தை என்று பல நூல்கள் அவரைப் புகழ்கின்றன. புகழை ஒருபுறம் வைத்துவிட்டு, அவர் கண் இமையிலும் மூக்கிலும் செய்த வேலையை இந்தப் பொன்விழா மலரில் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். அவர் எப்படிப்பட்ட மருத்துவர் என்பது அந்த இரண்டு சிறிய இடங்களில் நன்றாகத் தெரிகிறது.

கி.பி. 936-ஆம் ஆண்டு, அந்தலூஸின் ஆட்சியாளர் மூன்றாம் அப்துர் ரஹ்மான் தம் தலைநகர் குர்துபாவுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் மதீனத்துஸ் ஸஹ்ரா என்ற அரண்மனை நகரைக் கட்டத் தொடங்கினார். குர்துபாவைத்தான் இன்றைய ஸ்பெயின் வரைபடத்தில் கார்டோபா என்று காண்கிறோம். ஏறக்குறைய அதே ஆண்டில் நம் மருத்துவர் பிறந்தார் என்பது பொதுவான கருத்து. ஸஹ்ராவி என்றால் அந்த ஊர்க்காரர் என்று பொருள். அவர் பெயரோடு அன்ஸாரி என்பதும் சேர்ந்து வரும். அவருடைய முன்னோர் மதீனத்து அன்ஸாரிகளின் வழியினர் என்பதை அது சொல்கிறது.

இதற்கு மேல் அவர் குடும்பம், ஆசிரியர்கள், பிள்ளைகள் பற்றி வரலாறு ஏறத்தாழ மௌனம். அவர் மறைந்து பல ஆண்டுகள் சென்றபின் ஹுமைதி என்ற அந்தலூஸ் அறிஞர் எழுதிய சில வரிகளே முதல் வாழ்க்கைக் குறிப்பு. ஆகவே அவர் வாழ்க்கையை அவர் எழுதிய நூலுக்குள்தான் தேட வேண்டியிருக்கிறது.

அந்த நூலைச் சுருக்கமாக அத்தஸ்ரீஃப் என்பார்கள். முப்பது பகுதிகள். சுமார் 1000-ஆம் ஆண்டில் முடிந்தது. நோய்கள், மருந்துக் கலவைகள், உணவு என்று பலவும் அதில் உண்டு. பத்தொன்பதாம் பகுதி நறுமணப் பொருள்களையும் அழகுப் பொருள்களையும் பற்றியது. கடைசிப் பகுதி முழுக்க அறுவை மருத்துவம். அதில் ஏறத்தாழ இருநூறு கருவிகளின் படங்களை வரைந்து வைத்தார். கருவியின் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது, கொல்லனோ தட்டானோ பார்த்துச் செய்யக்கூடிய அளவுக்கு அது கண்முன் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

முப்பதாம் பகுதியின் தொடக்கம் சற்றுக் கசப்பானது. தம் நாட்டில் கை வைத்தியம் தேய்ந்துபோனதைச் சொல்கிறார். உடற்கூறு படிக்காமல் கத்தியை எடுப்பவன் உயிரை எடுக்கிறான் என்பதற்குத் தாம் அறிந்தவற்றையே சான்றாக வைக்கிறார். ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டியை அறுக்கப் போன மருத்துவன் இரத்தக் குழாயை அறுத்துவிட, அவள் அங்கேயே உயிரிழந்தாள். இப்படி இன்னும் சில. வெற்றிகளால் நூலைத் தொடங்குவதுதான் எழுதுபவர்களின் வழக்கம். இவர் மரணங்களால் தொடங்கினார்.

இனி இமைக்கு வருவோம். இமை முடி உட்புறமாகத் திரும்பி விழியை உரசுவது அந்நாளில் மிகச் சாதாரணமான துன்பம். கண் சிமிட்டும்போதெல்லாம் முடி கருவிழியைக் கீறும். கீறிக் கீறிப் பார்வை மங்கும். இதற்கு அவர் பல வழிகளைச் சொல்கிறார். ஒன்றில், மேல் இமையின் தோலில் மையால் ஆஸ் என்னும் மணச்செடியின் இலை வடிவத்தை வரைய வேண்டும். இரு முனையும் கூர்ந்து நடுவில் அகன்ற வடிவம். நோயாளியின் தலையை மடியில் வைத்து, முட்டை வெள்ளையில் நனைத்த பஞ்சால் விழியைக் காத்து, வரைந்த இடத்தை மட்டும் சூட்டுக்கோலால் மெல்ல மெல்லச் சுட வேண்டும். தோல் சுருங்கி, முடி விழியை விட்டு மேலே எழுந்துவிட்டால் வேலை முடிந்தது. இன்னொரு வழியில் அதே இலை வடிவத்தில் தோலை வெட்டியெடுத்து ஊசி நூலால் தைக்க வேண்டும். எவ்வளவு வெட்டுவது என்பது இமை எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. எல்லோருக்கும் ஒரே அளவு கிடையாது. கத்திக்கு அஞ்சுபவர்களுக்கு மூன்றாவதாக ஒரு வழி. மிகுதியான தோலை இரண்டு நாணல் சிம்புகளுக்கு நடுவில் பிடித்து இறுகக் கட்டிவிட்டால், சில நாளில் அது கறுத்துத் தானே உதிர்ந்துவிடும்.

இவை எல்லாம் அவரே கண்டுபிடித்தவை என்று சொன்னால் அது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவருக்கு முந்நூறு ஆண்டுகள் முந்திய கிரேக்க மருத்துவர் பவுலோஸின் நூலிலிருந்து அவர் நிறையவே எடுத்துக்கொண்டார். எடுத்ததைத் தம் கையால் செய்து பார்த்தார் என்பதில்தான் அவர் சிறப்பு. அதற்குச் சான்று அடுத்து வரும் நோய்.

அதை முயல் கண் என்பார்கள். இமை குறுகிப்போய்க் கண்ணை மூட முடியாத நிலை. தூங்கும்போதும் விழி திறந்தே கிடக்கும். பிறவியிலும் வரலாம், புண் ஆறிய தழும்பாலும் வரலாம் என்று எழுதும் அவர், இமையை அளவுக்கு மீறி வெட்டியதாலோ சுட்டதாலோ வரலாம் என்பதையும் அங்கேயே சேர்க்கிறார். அதாவது மருத்துவன் கையால் வந்த கேட்டையும் நோய்களின் வரிசையில் வைத்து, அதற்கும் சிகிச்சை எழுதுகிறார். தழும்பைப் பிளந்து, பிளவின் இரு கரைகளும் மறுபடி ஒட்டாதபடி இடையில் துணித் திரியை வைத்து ஆற விட வேண்டும். உலர்த்திச் சுருக்கும் மருந்து எதையும் போடக் கூடாது; போட்டால் முன்பைவிட மோசமாகத் திரும்பி வரும்.

இன்று இமைத் தோல் தொங்கிப் பார்வையை மறைக்கிறது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் மருத்துவமனைக்குப் போனால், மருத்துவர் முதலில் செய்வது மையால் அளவு வரைவதுதான். புருவத்துக்கும் இமை முடிக்கும் இடையில் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் தோலாவது மிஞ்ச வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். கண் மூடாமல் போய்விடுமோ என்ற அதே அச்சம்தான் காரணம். இமை முடி உள்நோக்கித் திரும்பும் நோயும் மறைந்துவிடவில்லை. டிரக்கோமா என்ற கண் தொற்று உள்ள ஏழை நாடுகளில் அதற்கு இன்றும் அறுவை சிகிச்சை நடக்கிறது. எந்த முறையில் முடி மீண்டும் உள்ளே திரும்புவது குறைகிறது என்று ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தபடியே இருக்கிறார்கள்.

மூக்கில் அவர் காட்டிய நிதானம் இன்னும் வியப்பானது. மூக்கின் உள்ளே வளரும் சதை ஒரே வகை அல்ல என்கிறார். கடினமாக, கருமை படர்ந்து, புற்றுப்போல் இருப்பதைக் கத்தியால் தொடவே கூடாது. மென்மையான சதைதான் அறுவைக்கு உரியது. நோயாளியைச் சூரியனை நோக்கி உட்கார வைத்து, நாசியை விரித்து, கொக்கியால் சதையை இழுத்து வெட்ட வேண்டும். அதன்பின் காடி கலந்த நீரை நாசியில் ஊற்றிப் பார்க்க வேண்டும். நீர் தொண்டைக்கு இறங்கினால் வழி திறந்தது. இறங்காவிட்டால் கருவி எட்டாத மேல் எலும்புகளுக்குள் இன்னும் சதை இருக்கிறது. அப்போது ஒரு விரல் இடைவெளிக்கு ஒரு முடிச்சாக நூலில் முடிச்சுகள் இட்டு, நாசி வழியே செலுத்தி வாய் வழியே எடுத்து, இரு முனைகளையும் பிடித்து ரம்பம்போல் இழுக்க வேண்டும். மயக்க மருந்து இல்லாத காலம் என்பதை நினைத்தால் நமக்கே மூக்கு எரிகிறது.

கருவி எட்டாத அந்த மேற்பகுதியில்தான் மணத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. மூக்குச் சதை வளர்ந்தவர்கள் மண உணர்வை இழப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பெருந்தொற்றுக் காலத்தில் நம்மில் சிலர் பிரியாணித் தம் உடைக்கும்போது அருகில் நின்றும் ஒன்றும் தெரியாமல் திகைத்தோம். அத்தர் புட்டியை மூக்கருகே வைத்தும் வெறும் காற்றுதான் வந்தது. அதுவரை மணம் ஒரு பொருட்டாகவே தெரிந்ததில்லை. இன்று மண உணர்வை அளக்கவே தனிச் சோதனைகள் உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 1984-இல் வெளியிட்ட சோதனையில் நாற்பது மணங்களைச் சுரண்டி முகர்ந்து அடையாளம் சொல்ல வேண்டும். இழந்த உணர்வை மீட்க ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2009-இல் எழுதிய பயிற்சியில் ரோஜா, எலுமிச்சை, யூகலிப்டஸ், கிராம்பு என நான்கு மணங்களை நாள்தோறும் காலையும் மாலையும் முகர வேண்டும். ரோஜாவும் கிராம்பும் நம் வீட்டு அலமாரியில் எப்போதும் இருப்பவைதானே!

ஸஹ்ராவியின் எல்லா முறைகளும் இன்று ஏற்கத்தக்கவை அல்ல. மூக்கில் துர்நாற்றம் வந்தால் தலையில் சூடு போடச் சொன்னதை எந்த மருத்துவரும் ஏற்கமாட்டார். ஆனால் தாம் செய்தது, கண்டது, கேள்விப்பட்டது என்று அவர் பிரித்து எழுதியது இன்றைய ஆய்வாளருக்கும் உரிய ஒழுக்கம். கண்புரையை உறிஞ்சி எடுக்கும் குழல் ஊசி ஈராக்கில் இருப்பதாகக் கேள்விப்பட்டதைச் சொல்லும்போது, தம் நாட்டில் அதைக் கண்டதில்லை என்பதையும் சேர்த்தே எழுதினார். மூச்சுக்குழாயைத் திறக்கும் சிகிச்சையைத் தம் ஊரில் எவரும் செய்து பார்த்ததில்லை என்றவர், ஒரு பணிப்பெண் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்ட நிகழ்வை விவரிக்கிறார். காயத்தின் வழியே காற்று வெளியேறிக்கொண்டிருந்தது. பெரிய இரத்தக் குழாய் எதுவும் அறுபடவில்லை. உடனே தைத்தார். அவள் பிழைத்தாள், குரல் மட்டும் கொஞ்சம் கரகரத்தது. அந்த இடத்தில் வெட்டுவது அத்தனை ஆபத்தானதல்ல என்ற முடிவுக்கு அதிலிருந்துதான் வந்தார்.

அவருடைய முதுமைக் காலத்தில் அந்தலூஸில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1010-இல் அவர் பிறந்த மதீனத்துஸ் ஸஹ்ரா சூறையாடப்பட்டது. 1013-இல் குர்துபாவும் வீழ்ந்தது. அவர் மறைவும் அந்த ஆண்டை ஒட்டியே என்று சொல்கிறார்கள். நூல் மட்டும் தப்பியது. 12-ஆம் நூற்றாண்டில் டொலேடோவில் கிரெமோனாவின் ஜெரார்ட் அதன் அறுவைப் பகுதியை லத்தீனில் பெயர்த்தார். 1465-இல் அமாஸ்யாவில் ஷரஃபுத்தீன் ஸபுன்ஜுஓக்லு அதைத் தழுவித் துருக்கிய மொழியில் படங்களோடு எழுதினார். 1497-இல் வெனிஸில் லத்தீன் நூல் அச்சேறியது. 1973-இல் அரபு மூலத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது. மதீனத்துஸ் ஸஹ்ராவின் இடிபாடுகளை 2018-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களில் சேர்த்தது. கார்டோபாவின் பழைய பகுதியில் ஒரு சிறு தெருவுக்கு அல்புகாசிஸ் என்று பெயர்.