பட்டம் இல்லாத பேராசிரியர்

இந்த டிப்ளமோவை வெச்சுக்கிட்டு என்னத்தைச் சாதிக்கப் போறோம் என்று அலுத்துக்கொள்பவரா நீங்கள்? அப்படியானால் பிளிண்டர்ஸ் பெட்ரியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1853-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். சின்ன வயதில் உடம்பு சரியில்லாததால் வீட்டிலேயேதான் படிப்பு. பொறியாளரான அப்பாவிடம் சர்வே கற்றுக்கொண்டு, ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தை அளந்து வரைபடம் போட்டார்.

அந்தக் காலத்தில் பியாஸி ஸ்மித் என்ற வானியலாளர், எகிப்தின் பெரிய பிரமிடின் அளவுகள் கடவுள் அருளியவை, ஓர் ஆண்டின் நாட்கணக்கே அதன் அடிப்பக்கத்தில் அடங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தார். அப்பா, மகன் இருவருக்குமே அதில் ஈடுபாடு. அதைச் சரிபார்க்கத்தான் 1880-ல் பெட்ரி எகிப்துக்குப் போனார். பழைய கல்லறை ஒன்றில் தங்கி, தியோடலைட்டை வைத்துத் திரும்பத் திரும்ப அளந்தார். அடிப்பக்கம் சுமார் 755 அடி 9 அங்குலம் வந்தது. ஸ்மித் கணக்குப்படி இன்னும் ஏறக்குறைய 6 அடி இருந்திருக்க வேண்டும்!

நாமாக இருந்தால் என்ன பண்ணியிருப்போம்? ரீடிங்கைக் கொஞ்சம் 'அட்ஜஸ்ட்' பண்ணியிருப்போம்! பெட்ரி அதைச் செய்யவில்லை. அளந்ததை அப்படியே 1883-ல் புத்தகமாக வெளியிட்டார். அப்பா நம்பிய கொள்கை விழுந்தது.

பிறகு தோண்டுவதில் இறங்கினார். அதுவரை பலரும் தேடியது சிலையும் தங்கமும்தான். உடைந்த பானையை யார் மதித்தார்கள்? பெட்ரி மதித்தார். 1889-ல் காஹூன் என்ற இடத்தில், பிரமிடு வேலைக்காக ஏற்பட்ட ஊரையே தோண்டி எடுத்தார். நேர்த் தெருக்கள், ஒரு பக்கம் பெரிய மாளிகைகள், இன்னொரு பக்கம் வரிசையாகச் சிறு வீடுகள், கருவிகள், குழந்தைகளின் பொம்மைகள்... கிட்டத்தட்ட 3,900 ஆண்டுகளுக்கு முந்தைய நகர வாழ்க்கை வெளியே வந்தது.

1894-95-ல் நகாடாவில் 2,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளைத் திறந்தார். எழுத்து கிடையாது, அரசன் பெயர் கிடையாது. எது முந்தியது, எது பிந்தியது? சுமார் 900 கல்லறைகளுக்கு ஆளுக்கொரு அட்டைத் துண்டு மாதிரி போட்டு, அதில் இருந்த பானை வகைகளைக் குறித்தார். ஒருவகைப் பானையில் பிடிப்பதற்கென்று இருந்த கைப்பிடி, காலப்போக்கில் தேய்ந்து வெறும் அலைக்கோடாகிப் போனதைக் கவனித்தார். ஒத்த அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தி, கல்லறைகளுக்கே கால வரிசை கண்டுபிடித்துவிட்டார்! கார்பன் முறை வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பு நடந்த வேலை இது.

அவரிடம் குறையும் உண்டு. மனித இனங்களில் உயர்வு தாழ்வு பார்த்தார். அதை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை.

பள்ளிக்கூடம் போகாத அந்த மனிதர் 1892-ல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் எகிப்தியத் தொல்லியலின் முதல் பேராசிரியர் ஆனார். 1942-ல் ஜெருசலேமில் காலமானார். அவருக்குக் கைகொடுத்தது அளவை மாற்றி எழுதாத அந்த ஒரு பழக்கம்தான். அதைப் பழக எந்தப் பட்டமும் வேண்டியதில்லை, நண்பர்களே!