வட்டமாக இல்லாத சிலிண்டரும் ஜேம்ஸ் வாட்டும்

மின்விளக்கு வாங்கும்போது அட்டைப் பெட்டியில் 9 வாட், 12 வாட் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், மாணவர்களே. அந்த வாட் ஒரு மனிதரின் பெயர். ஜேம்ஸ் வாட் இறந்து 63 ஆண்டுகள் கழித்து, 1882-இல்தான் அவர் பெயரைத் திறனின் அலகுக்கு வைக்கலாம் என்று முன்மொழிந்தார்கள்.

சிறுவன் வாட் கெட்டில் மூடி குதிப்பதைப் பார்த்து நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தான் என்று ஒரு கதை உண்டு. எனக்கு அந்தக் கதை பிடிப்பதில்லை. வாட் பிறப்பதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே, 1712-இல், தாமஸ் நியூகோமனின் நீராவி எஞ்சின் இங்கிலாந்துச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கத் தொடங்கிவிட்டது. வாட்டின் உண்மையான கதை வேறு. நான் பல ஆண்டுகள் கார் எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டி, இப்போது தொழிற்பயிற்சி மாணவர்களுக்கு அந்த வேலையைச் சொல்லித் தருகிறவன். என் பார்வையில் அவர் வாழ்க்கையின் முக்கியமான கட்டம், ஒரு சிலிண்டர் வட்டமாக இல்லாததால் அவர் பட்ட பாடுதான்.

ஸ்காட்லாந்தின் கிரீனக் துறைமுக ஊரில் 1736 ஜனவரி 19-ஆம் தேதி பிறந்தவர் வாட். அப்பா கப்பல் தொடர்பான தொழில் செய்தவர். பையனுக்கு உடல்நலம் சரியில்லை. தலைவலி வாழ்நாள் முழுதும் அவரை விடவில்லை. 1755-இல் லண்டனுக்குப் போய் அளவைக் கருவிகள் செய்யும் வேலையை ஓராண்டு கற்றார். ஏழாண்டுப் பயிற்சியை முடிக்காத அவர் கிளாஸ்கோ நகரில் கடை வைக்கத் தொழிலாளர் சங்கம் இடம் கொடுக்கவில்லை. கிளாஸ்கோ பல்கலைக்கழகம்தான் தன் வளாகத்துக்குள் ஒரு சிறு பட்டறைக்கு இடம் தந்தது. அப்போது அவருக்கு 21 வயது.

1763-இல் அந்தப் பட்டறைக்கு ஒரு வேலை வந்தது. வகுப்பில் காட்டுவதற்காக வைத்திருந்த நியூகோமன் எஞ்சினின் சிறிய மாதிரி ஓடவில்லை. லண்டனில் ஒருவரிடம் அனுப்பிப் பார்த்தும் அது சரியாகவில்லை. வாட் உடைந்ததைச் சரிசெய்து ஓட்டினார். சில தடவை மேலும் கீழும் போய்விட்டு நின்றுவிட்டது. வேறொருவராக இருந்தால் மாதிரிதானே என்று விட்டிருப்பார். இவர் நீராவி எங்கே போகிறது என்று அளக்க ஆரம்பித்தார்.

அந்த எஞ்சின் வேலை செய்யும் விதம் எளிது. சிலிண்டருக்குள் நீராவியை விட்டு, பிறகு அதற்குள்ளேயே குளிர்ந்த நீரைத் தெளிப்பார்கள். நீராவி சுருங்கி நீராகும், உள்ளே வெற்றிடம் உண்டாகும், வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். ஒவ்வொரு தடவையும் சிலிண்டரைக் குளிரவைத்து மறுபடி சூடாக்க வேண்டும். நீராவியில் ஏறக்குறைய முக்கால் பங்கு சிலிண்டரைச் சூடாக்கவே வீணாவதை வாட் கண்டுகொண்டார். 1765-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடைப்பயிற்சியின்போது வழி தோன்றியது: நீராவியைச் சிலிண்டருக்குள் குளிர்விக்காமல் பக்கத்தில் வேறொரு பாத்திரத்துக்கு இழுத்துக் குளிர்விப்பது. சிலிண்டர் எப்போதும் சூடாகவே இருக்கும்.

யோசனை ஒரே நாளில் வந்தது. அதை ஓடவைக்கப் பத்தாண்டு ஆயிற்று. பள்ளிப் பாடங்கள் பெரும்பாலும் இந்தப் பத்தாண்டைத் தாண்டிப் போய்விடுகின்றன.

ஜான் ரோபக் என்ற தொழிலதிபர் வாட்டின் 1,000 பவுண்டு கடனை ஏற்று, கண்டுபிடிப்பில் மூன்றில் இரண்டு பங்கை வாங்கிக்கொண்டார். 1769 ஜனவரியில் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டு ரோபக்கின் கின்னல் மாளிகைக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் முழு எஞ்சினைக் கட்டினார் வாட். சிலிண்டர் 18 அங்குல அகலம், ஏறக்குறைய 45 சென்டிமீட்டர். எஞ்சின் ஓடியது, ஆனால் பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே நீராவி ஒழுகியது. சிலிண்டர் சரியான வட்டமாக இல்லை.

நியூகோமனின் சிலிண்டர்களும் வட்டமாக இல்லைதான். ஆனால் அவர் பிஸ்டனுக்கு மேலே கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி இடுக்கை அடைத்துவிட்டார். வாட்டால் அது முடியாது. தண்ணீர் விட்டால் சிலிண்டர் குளிர்ந்துவிடும், அவருடைய யோசனையே வீணாகிவிடும். நல்ல யோசனைக்குத்தான் நல்ல கடைசல் வேலை அதிகம் தேவைப்பட்டது. தக்கை, எண்ணெயில் ஊறிய துணி, காகிதம், பழைய தொப்பி, குதிரைச் சாணம் என்று எதையெல்லாமோ வைத்து அடைத்துப் பார்த்தார். எதுவும் நிற்கவில்லை. புகழ்பெற்ற பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் அந்த எஞ்சினைப் பார்த்துவிட்டு, இவ்வளவு துல்லியமாகச் செய்யக் கருவியும் இல்லை, ஆளும் இல்லை என்று கருதினார்.

இந்த ஒழுகலை இன்றைய கார் எஞ்சினில் எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்பீர்கள். பள்ளி வேன் ஓட்டும் ஓர் அண்ணனின் எஞ்சின் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வேறொரு பட்டறையில் முழு ஓவர்ஹால் செய்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, நீலப் புகை. எண்ணெய் குறைந்துகொண்டே போனது. ரிங் சரியில்லை என்று சொல்லி இரண்டு தடவை ரிங் மாற்றியிருந்தார்கள். வேன் ஓடாத நாளில் வருமானம் இல்லை. நாற்பது பிள்ளைகளின் பெற்றோருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

நான் முதலில் எஞ்சினைப் பிரிக்கவில்லை. நான்கு சிலிண்டர்களிலும் அழுத்தம் பார்த்தேன், நான்குமே குறைவு, மூன்றாவது மிகக் குறைவு. அதில் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி பார்த்ததும் அழுத்தம் சட்டென ஏறியது. வால்வு ஒழுகினால் எண்ணெய் விட்டாலும் ஏறாது. எண்ணெய் அடைத்தது பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கை. அதற்குப் பிறகுதான் பிரித்தேன். ரிங் புதியது, பூட்டிய விதமும் சரி. சிலிண்டருக்குள் போர் கேஜை இறக்கி மேலே, நடுவே, கீழே, ஒவ்வோர் இடத்திலும் குறுக்காகவும் நெடுக்காகவும் அளந்து தாளில் எழுதினேன். மேல்பகுதியில் குறுக்களவு, நெடுக்களவைவிட 0.08 மில்லிமீட்டர் அதிகம். கீழே போகப் போக வித்தியாசம் குறைந்தது.

0.08 மில்லிமீட்டர் என்பது ஒரு தலைமுடியின் பருமன். பிஸ்டன் ரிங்குக்கு அது திறந்த கதவு.

அந்த அளவுகள் இன்னொன்றையும் சொல்லின. பிஸ்டன் பல ஆண்டுகள் பக்கவாட்டில் உரசித் தேயும்போது சிலிண்டர் இதே வடிவத்துக்குத்தான் வரும். அதாவது புதிதாகக் கடைந்த சுவரில் பழைய தேய்மானத்தின் வடிவம் அப்படியே இருந்தது. கடைசல் கடையில் போரிங் இயந்திரத்தில் ஏற்றாமல், ஸ்பிரிங் வைத்த ஹோனிங் கற்களை விட்டுச் சுழற்றியே அளவைப் பெரிதாக்கியிருந்தார்கள். அந்தக் கற்கள் சுவரோடு ஒட்டிப் போகும். சுவர் வளைந்தால் கல்லும் வளைந்து போகும். பளபளப்பு வரும், வட்டம் வராது. அளவெழுதிய தாளைக் காட்டியதும் கடைக்காரர் வாதாடவில்லை. அடுத்த அளவுக்கு முறையாகப் போரிங் செய்து கொடுத்தார், கூலி வாங்கவில்லை. புதிய பிஸ்டனுக்கு மட்டும் அண்ணன் காசு கொடுத்தார்.

வாட்டின் காலத்துச் சிலிண்டர்களுக்கும் இதே நோய்தான். வெட்டும் தலையை நீண்ட தண்டின் ஒரு முனையில் மாட்டி, மறுமுனையை மட்டும் பிடித்திருப்பார்கள். உள்ளே போன தலை தாங்க ஆளில்லாமல் தொய்ந்து, வார்ப்பு எங்கே கோணலோ அங்கே தானும் கோணிக்கொண்டு போகும்.

கின்னல் எஞ்சின் துருப்பிடித்துக் கிடக்க, வாட் குடும்பத்துக்காகக் கால்வாய் அளக்கும் வேலைக்குப் போனார். 1773-இல் ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில் அளந்துகொண்டிருந்தபோது, மனைவி மார்கரெட் பிரசவத்தில் இறந்துவிட்டார். அதே ஆண்டு ரோபக் நொடித்துப் போனார். அவருடைய பங்கைப் பர்மிங்ஹாமின் மேத்யூ போல்டன் எடுத்துக்கொண்டார். 1774-இல் வாட் பர்மிங்ஹாமுக்குக் குடிபெயர்ந்தார், எஞ்சினும் அங்கே போய்ச் சேர்ந்தது.

விடை பீரங்கித் தொழிலிலிருந்து வந்தது. ஜான் வில்கின்சன் என்ற இரும்பு ஆலைக்காரர் 1774-இல் பீரங்கிக் குழல் துளைக்கும் புதிய முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அடுத்த ஆண்டு சிலிண்டருக்கென்று தனி இயந்திரம் செய்தார். அதில் தடித்த தண்டு சிலிண்டரின் ஊடே முழுவதும் போய், இரண்டு முனைகளிலும் தாங்கப்பட்டிருந்தது. வெட்டும் தலை அந்தத் தண்டின்மேல் நகர்ந்தது. வார்ப்பு கோணலாக இருந்தாலும் தலை நேராகவே போனது. 1775-இல் அவர் கடைந்த 18 அங்குலச் சிலிண்டர் வந்தது. பழையதைக் கழற்றிவிட்டு இதைப் பூட்டினார்கள், எஞ்சின் ஓடியது. வாட்டின் வரைபடத்தில் குறை எதுவும் இருக்கவில்லை.

1776-இல் டிப்டன் நிலக்கரிச் சுரங்கத்துக்கு 50 அங்குலச் சிலிண்டர் வைத்த எஞ்சின் போயிற்று. அவ்வளவு பெரிய சிலிண்டரில் பிழை ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் கனம்கூட இல்லை என்று போல்டன் பெருமைப்பட்டார். இன்றைய மெக்கானிக் அதைக் கேட்டால் சிரிப்பார். ஆனால் அன்று அது போதுமானதாக இருந்தது. இன்னோர் எஞ்சின் வில்கின்சனின் உலைக்கே காற்றூதப் போனது.

அதன்பின் பணம் வந்தது. பழைய எஞ்சினைவிட எவ்வளவு நிலக்கரி மிச்சமோ, அதன் விலையில் மூன்றில் ஒரு பங்கைச் சுரங்க முதலாளிகள் கட்டணமாகத் தந்தார்கள். சுமார் 20 ஆண்டுகள் பெரும்பாலான சிலிண்டர்கள் வில்கின்சனிடமிருந்தே வந்தன. பிறகு அவர் வாட்டுக்குத் தெரியாமல் அதே எஞ்சின்களைச் செய்து விற்றது அம்பலமாகி உறவு முறிந்தது. வாட்டின் நிறுவனம் 1796-இல் பர்மிங்ஹாம் அருகே சொந்த வார்ப்பாலையைத் திறந்து, தன் சிலிண்டர்களைத் தானே கடைந்துகொண்டது.

1800-இல் காப்புரிமை முடிந்ததும் வாட் ஓய்வு பெற்றார். வீட்டின் மேல்மாடியில் சிறு பட்டறை வைத்துக்கொண்டு, சிலைகளை நகலெடுக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். 1819 ஆகஸ்ட் 25-ஆம் தேதி, 83-ஆவது வயதில் இறந்தார். அந்தப் பட்டறையைக் கருவிகளோடு அப்படியே பெயர்த்தெடுத்து லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.