கீழ்ப்படிதலின் வழி: புனித யோசப் வாஸ் அடிகளார்

எமது மாத்தளை மாவட்டத்தில், கலேவெலைக்கு அருகே வஹகோட்டை என்றொரு ஊர் உண்டு. அங்குள்ள புனித அந்தோனியார் திருத்தலத்துக்குச் சென்று வந்த பழைய மாணவியர் நம்மிடையே பலர். போர்த்துக்கீசரின் வழிவந்த கத்தோலிக்கர் வாழும் பழைய ஊர் அது. குருவானவர் இல்லாத காலத்திலும் விசுவாசத்தைக் காத்த அம்மக்களைத் தேடி யோசப் வாஸ் அடிகளார் வந்தார் என்பது அங்கு வழங்கும் மரபு. நூற்றாண்டு காணும் இவ்வேளையில் அவரது வாழ்வை நாம் நினைப்பதற்குக் காரணம் உண்டு.

பள்ளி நாட்களில் கீழ்ப்படிதல் என்றால் மணி அடித்ததும் வரிசையில் நிற்பது, பெரியவர்கள் பேசும்போது வாய் திறவாதிருப்பது என்றே நாம் விளங்கிக்கொண்டோம். பெண்பிள்ளைகளுக்கு அச்சொல் இன்னும் அழுத்தமாகச் சொல்லப்பட்டது. கடவுளுக்குக் கீழ்ப்படிதல் அதனினும் பெரிது என்பதை அடிகளாரின் வாழ்வு காட்டுகிறது.

அவர் 1651 ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவின் பெனோலிம் கிராமத்தில் பிறந்தார், 1676இல் குருவானார். ஒல்லாந்தர் ஆட்சியில் இலங்கைக் கத்தோலிக்கர் குருக்களின்றித் தவிப்பதை அறிந்து, இங்கு வர விரும்பினார். ஆனால் 1681இல் திருச்சபைத் தலைவர்கள் அவரைக் கனரா மறைப்பணிக்குப் பொறுப்பாக அனுப்பினர். தமது விருப்பம் நல்லதே என்றாலும் அதைப் பிடித்துக்கொண்டு வாதாடாமல் சென்றார். சர்ச்சைகள் நிறைந்த அந்தப் பணியை மூன்று ஆண்டுகள் செய்தார். 1685இல் கோவாவில் ஒரடோரியன் சபையில் இணைந்தார். மறு ஆண்டு இலங்கை நோக்கிப் புறப்பட்டார்.

1687இல் தூத்துக்குடியிலிருந்து கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். குருக்களுக்கு அடைக்கலம் கொடுப்பதே கடுந்தண்டனைக்குரிய குற்றமாயிருந்த காலம் அது. நோயுற்று, ஆதரவற்றுக் கிடந்தார். குணமானதும் கழுத்தில் செபமாலை அணிந்து, பிச்சை கேட்பவரைப் போல வீடு வீடாகச் சென்று கத்தோலிக்கரை இனங்கண்டார். தமிழ் கற்றார். சில்லாலையை நிலையமாகக் கொண்டு இரவில் திருப்பலி நிறைவேற்றினார். திருச்சபைத் தலைவர்களுக்குப் பணிந்து கனராவுக்குச் சென்றவர், கடவுளின் மக்களைக் கைவிடச் சொன்ன ஒல்லாந்தர் சட்டத்துக்குப் பணியவில்லை. இவ்விரண்டும் ஒரே கீழ்ப்படிதலின் இரு பக்கங்களே.

ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையானபோது 1690இல் புத்தளம் சென்றார். 1692இல் கண்டிக்கு வந்தவரைப் போர்த்துக்கீச உளவாளி என்று சந்தேகித்துக் காவலில் வைத்தனர். அந்தக் காவலுக்குள்ளேயே சிங்களம் கற்றார். 1693இல் நாடு வறட்சியால் வாடியபோது அவர் செபித்ததும் மழை பெய்தது என்று சொல்லப்படுகிறது. அதன்பின் பௌத்த அரசரான இரண்டாம் விமலதர்மசூரியன், தமது இராச்சியமெங்கும் பணியாற்ற அவரை அனுமதித்தார்.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. நோயாளிகளைச் சொந்த வீட்டாரே காட்டில் விட்டுவிட்டு ஓடினர். அடிகளாரும் அவருடைய மருமகன் முறையான யோசப் கார்வாலோ அடிகளாரும் அவர்களைத் தேடிச்சென்று உணவூட்டினர், புண்களைக் கழுவினர், இறந்தோரை அடக்கம் செய்தனர். சமய வேறுபாடு பார்க்கவில்லை. பின்னர் ஆயர் பதவி அளிக்க முன்வந்தபோது அதை ஏற்காமல் சாதாரண மறைப்பணியாளராகவே இருந்தார். 1711 ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். 2015 ஜனவரி 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இன்று அவரது கல்லறை எங்கே என்று காட்ட ஓர் அடையாளமும் இல்லை.

அன்புச் சகோதரிகளே, நம்மில் சிலர் மருத்துவமனைகளில் இரவுப் பணி செய்கிறோம். சிலர் தூர தேசங்களில் பிள்ளைகளை வளர்க்கிறோம். சிலர் படிப்பையோ தொழிலையோ ஒதுக்கி வைத்து வயதான பெற்றோரைப் பார்க்கிறோம். நாம் கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று என்று மனம் தளரும் நாட்கள் உண்டு. அப்போது கனராவில் கழிந்த அந்த மூன்று ஆண்டுகளை நினைப்போம். அநீதிக்குத் துணைபோகும்படி எவராவது கீழ்ப்படிதலின் பெயரால் நம்மைக் கேட்டால், சில்லாலையின் இரவுத் திருப்பலிகளை நினைப்போம். எச்சமயத்தவராயினும், நம் கல்லூரியன்னையின் பிள்ளைகள் எல்லோருக்கும் இறைவன் அந்தத் தெளிவையும் துணிவையும் தந்தருள்வாராக.