எவரெஸ்டுக்கு அப்புறம் டென்சிங் பார்த்த வேலை

டென்சிங் நோர்கேன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? ஸ்கூல் ஜி.கே. புத்தகம், 1953 மே 29, பக்கத்துல ஹிலாரி. பெரும்பாலும் கதை அதோட முடிஞ்சிடும். ஆனா அன்னைக்கு அவருக்கு 39 வயசுதான். அதுக்கப்புறம் இருபது வருஷத்துக்கும் மேல அவர் பார்த்தது வாத்தியார் வேலை. மலையே ஏறாதவங்களுக்கு ஏறச் சொல்லிக் கொடுத்தார்.

அவருக்கு யாரும் அப்படி உட்கார வெச்சு சொல்லிக் கொடுக்கல. நேபாளத்தில் கும்பு பகுதியில யாக் மேய்ச்சு வளர்ந்தவர், பள்ளிக்கூடம் போனதில்லை. பல மொழி பேசுவார், எழுதப் படிக்கத் தெரியாது. இளவயசிலேயே வீட்டை விட்டு டார்ஜிலிங்குக்கு ஓடி வந்தார். 1935ல் எரிக் ஷிப்டனின் எவரெஸ்ட் குழுவில் சுமை தூக்கப் போனார். அப்புறம் திரும்பத் திரும்ப அதே மலை. 1952ல் சுவிஸ்காரர் ரேமண்ட் லாம்பெர்ட்டோட கிட்டத்தட்ட 8,600 மீட்டர் வரை போனாங்க. முந்தின ராத்திரி கூடாரத்துல ஸ்லீப்பிங் பேக் இல்லை, அடுப்பு இல்லை. மெழுகுவத்தியில பனியை உருக்கிக் குடிச்சு விடிய விடிய முழிச்சிருந்தாங்க. 1953ல் ஏறினது அவரோட ஏழாவது எவரெஸ்ட் பயணம். நாம ஒரு அரியரை மூணாவது தடவை எழுதுறதுக்கே அலுத்துக்கிறோம்!

அந்த 1953 பயணத்துலயே ஒரு சம்பவம். கும்பு பனியருவியில ஹிலாரி ஒரு இடத்துல குதிச்சு இறங்க, காலடியில பனிக்கட்டி உடைஞ்சு பிளவுக்குள்ள போயிட்டார். கயிறோட மறுமுனையில இருந்த டென்சிங் உடனே ஐஸ் கோடரியைப் பனியில குத்தி, கயிறை அதுல சுத்திட்டார். ஹிலாரி தொங்கி நின்னார், பிழைச்சார். ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ்ல பெல்ட் ஃப்ரிக்‌ஷன் படிச்சிருப்பீங்களே, கயிறு ஒரு கம்பத்தைச் சுத்தச் சுத்த, தாங்குற பலம் எக்ஸ்பொனென்ஷியலா ஏறும்னு. அந்தச் சமன்பாடு அவருக்குத் தெரியாது, கைக்குத் தெரிஞ்சிருந்தது.

சிக்கலே இங்கதான். கைக்குத் தெரிஞ்சதை இன்னொருத்தர் கைக்கு எப்படி மாத்துறது? 1954ல் நேருவும் மேற்கு வங்க முதல்வர் பி.சி.ராயும் முயற்சி எடுத்து டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தொடங்கினாங்க. மேஜர் நரேந்திர தர் ஜயால் முதல்வர், டென்சிங் களப்பயிற்சி இயக்குநர். அதுக்கு முன்னாடி எவரெஸ்ட் ஏறின அந்த மனுஷன் சுவிட்சர்லாந்துக்குப் போய், அர்னால்ட் கிளாத்தார்டோட பள்ளியில சக ஷெர்பாக்களோட மாணவனா நின்னார். எனக்கு சம்மிட் ஃபோட்டோவை விட இது பெருசாப் படுது.

புதுசா வர்றவருக்கு முதல்ல முடிச்சு போடணும். அப்புறம் பாறை. அப்புறம் சிக்கிம் பக்கம் பனி. பனிச்சரிவுல வேணும்னே வழுக்கி விழணும், விழும்போதே கவிழ்ந்து படுத்து, கோடரியோட கூர்முனையைப் பனியில அழுத்தி நிறுத்தணும். ஒரு ரெண்டு செகண்ட் தாமதமானா வேகம் கூடிடும், அப்புறம் கோடரி கையை விட்டுப் பிடுங்கிக்கும். கயிறுல கூட இருக்கிறவரையும் சேர்த்து இழுக்கும். அதனால உடம்பு யோசிக்காம செய்யற வரைக்கும் விழுந்துட்டே இருக்கணும். ரீவேல்யுவேஷன் எல்லாம் கிடையாது.

எல்லாம் தெரிஞ்சவங்களையும் மலை விடாது. ஜயாலே 1958ல் சோ ஓயு பயணத்துல இறந்துட்டார்.

இதுக்கு நடுவுல ஊர் உலகம் டென்சிங்கை ஒரே கேள்வி கேட்டுத் துளைச்சது: உச்சியில முதல் அடி யாருது? இந்தியாவிலும் நேபாளத்திலும் அவர் பேரைத்தான் சொல்லணும்னு எதிர்பார்ப்பு. 1955ல் வந்த தன் சுயசரிதையில், ஹிலாரிதான் முதல்ல வெச்சார், நான் பின்னாடியேன்னு சொல்லிட்டார். ஒரே கயிறுல போறவங்களுக்கு இது ஒரு கேள்வியே இல்லைங்கிறது அவர் கணக்கு.

1965ல் இந்தியக் குழு எவரெஸ்ட் ஏறினப்போ, அவரோட மருமகன் நவாங் கோம்பு உச்சிக்குப் போனார். எவரெஸ்டை ரெண்டு தடவை தொட்ட முதல் ஆள் அவர்தான். டென்சிங் 1976ல் ஓய்வு பெற்றதும் அந்தப் பதவிக்கு வந்ததும் அவரே.

1986 மே 9ல் டார்ஜிலிங்கில் டென்சிங் காலமானார். தகனம் நடந்தது அவர் சொல்லிக் கொடுத்த அதே வளாகத்துலதான். டார்ஜிலிங்குக்கு டூர் போனீங்கன்னா, டென்சிங் ராக்னு ஒரு பாறையைக் காட்டுவாங்க. இப்பவும் புதுசா வர்றவங்க கயிறு கட்டிப் பழகற இடம் அது.