கோவில் சுவரோரம் ஒரு கல்லறை

ஆஸ்திரியா தேசத்திலே சாங்க்ட் ராடெகுண்ட் என்று ஒரு சிற்றூர். 1946-ம் வருஷம் ஆகஸ்ட் மாதம் 9-ந் தேதி, அவ்வூர்க் கோவிலின் சுவரோரமாக ஒரு மனிதரின் சாம்பல் அடக்கம் செய்யப்பட்டது. அவர்தான் பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர் என்னும் குடியானவர்.

அவர் பிறந்தது 1907-ல். 1936-ம் வருஷம் பெரிய வியாழக்கிழமையன்று பிரான்சிஸ்கா என்னும் பக்தியுள்ள பெண்ணைக் கைப்பிடித்தார். இருவருமாக உரோமாபுரிக்குப் போய் வந்தார்கள். மூன்று பெண் குழந்தைகள் பிறந்தன. 1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவைத் தன் ஆட்சியோடு சேர்த்துக்கொண்டபோது நடந்த வாக்கெடுப்பில், அவ்வூரில் எதிர்த்து வாக்களித்தவர் இவர் ஒருவரே. பிற்பாடு பங்குக் கோவிலின் கோவில்பிள்ளையாகவும் ஊழியம் செய்தார்.

ஹிட்லர் நடத்திய யுத்தம் அநியாயமானது என்று அவருடைய மனச்சாட்சி தெளிவாகக் கண்டது. 1943 மார்ச் 1-ந் தேதி, அழைப்பின்படி என்ஸ் நகரப் படைமுகாமுக்குப் போனார். ஆனால் ஆயுதம் எடுக்க மறுத்துவிட்டார். காயப்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்ய அவர் முன்வந்தும், அது ஏற்கப்படவில்லை. மனைவி மக்களை நினைத்துப் பார்க்கும்படி உற்றாரும் குருக்களும் புத்தி சொன்னார்கள். நினைக்காமலா இருந்தார்? ஆயினும் பாவத்துக்குத் துணைபோக அவர் சம்மதிக்கவில்லை.

லின்ஸ் சிறையிலும் பின்பு பெர்லின் சிறையிலும் அடைக்கப்பட்டார். ஜூலை 6-ந் தேதி ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. பிரான்சிஸ்கா பங்குக் குருவோடு பெர்லினுக்குப் பயணமாகி, கடைசி முறையாகக் கணவனைக் கண்டு திரும்பினாள். ஆகஸ்ட் 9-ந் தேதி பிராண்டன்பர்க் சிறையில் அவருடைய தலை வெட்டப்பட்டது. அப்போது அவருக்கு வயது 36. உடலை எரித்துவிட்டார்கள். அவ்விடத்துக் கன்னியர் சாம்பல் புதைக்கப்பட்ட இடத்தைக் கவனித்து வைத்திருந்தபடியால், யுத்தத்துக்குப் பின் அது சொந்த ஊர் வந்து சேர்ந்தது.

அநியாயம் அத்துடன் முடியவில்லை. போரில் மடிந்தவர்களின் விதவைகளுக்குக் கிடைத்த உதவிப்பணம் பிரான்சிஸ்காவுக்கு 1950 வரை மறுக்கப்பட்டது. கணவனைத் தடுக்காதவள் என்று ஊரார் அவளையே பழித்தார்கள். அவரைப்பற்றிய கட்டுரை லின்ஸ் மேற்றிராசனப் பத்திரிகையில் வெளிவரவும் அக்காலத்து மேற்றிராணியார் அனுமதிக்கவில்லை. அவளோ வயலில் உழைத்து, கோவில் வேலையையும் பார்த்து, மூன்று பெண்களையும் வளர்த்தாள்.

1997-ல் பெர்லின் நீதிமன்றம் அந்தத் தண்டனைத் தீர்ப்பை ரத்து செய்தது. 2007 அக்டோபர் 26-ந் தேதி லின்ஸ் நகரில் திருச்சபை அவரை வேதசாட்சியாக ஏற்று, முத்திப்பேறு பட்டம் அளித்தது. 94 வயதுப் பிரான்சிஸ்கா அதைக் கண்ணாரக் கண்டாள். 2013-ல், நூறு வயது நிறைந்தபின் கண்மூடினாள்.

நம் பங்கிலும் ஊர்ப்பேச்சைத் தாங்கிக்கொண்டு தனியே பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார் உண்டு. உண்மை விளங்க அறுபது வருஷம் செல்லலாம். நம்முடைய நாவை அடக்க ஒரு நொடி போதும். அந்த நொடியை அவர்களுக்குக் கொடுப்போமாக.