நாடு இழந்த விஞ்ஞானி

யுத்தத்தில் ஜயித்தவர்கள் வெளியிடும் கணக்கில் கைப்பற்றிய ஊர்களும் பீரங்கிகளும் இடம்பெறும். நாட்டைவிட்டு வெளியேறிய அறிவாளிகளுக்கு அதில் இடமில்லை. 1939-இல் முடிந்த ஸ்பெயின் உள்நாட்டு யுத்தத்தில் ஜெனரல் பிராங்கோ அடைந்த வெற்றியின் விலையை அறிய விரும்புவோர் பியோ தெல் ரியோ ஓர்தேகாவின் சரித்திரத்தை அறிந்துகொள்ள வேண்டும். மூளை வளரும் விதத்தையும், அதில் கட்டிகள் முளைக்கும் விதத்தையும் ஒரே மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்து ஆராய்ந்தவர் அவர்.

1882-இல் வல்லடோலிட் மாகாணத்தைச் சேர்ந்த போர்த்தில்யோ என்ற சிற்றூரில் பிறந்த ஓர்தேகா, வைத்தியப் பட்டம் பெற்றுச் சில காலம் சொந்த ஊரிலேயே வைத்தியம் பார்த்தார். பிறகு மாட்ரிட் சென்று மூளைக் கட்டிகளைப்பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் அடைந்தார். பாரிஸ், பெர்லின், லண்டன் நகரங்களிலும் பயின்று திரும்பி, அச்சூகாரோ என்ற அறிஞரின் ஆராய்ச்சிசாலையில் அமர்ந்தார். அச்சூகாரோ 1918-இல் இளம் வயதிலேயே காலமானார்.

அக்காலத்தில் ஸ்பெயின் தேசத்து விஞ்ஞானத்துக்குச் சக்கரவர்த்திபோல் விளங்கியவர் 1906-ஆம் வருஷத்து நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ராமோன் இ காஹால். மூளையில் நரம்பணுக்களும், அவற்றைத் தாங்கிநிற்கும் நட்சத்திர வடிவ அணுக்களும் நீங்கலாக மூன்றாவது அம்சம் ஒன்று இருப்பதாக அவர் 1913-இல் கூறினார். அது கிளைகளற்ற சிற்றணுக்களின் கூட்டம் என்பது அவர் கொள்கை. உண்மையில் கிளைகள் இருந்தன. பழைய சாயங்கள் அவற்றைக் காட்டவில்லை. 1918-இல் ஓர்தேகா வெள்ளி கார்பனேட் முறையைக் கண்டுபிடித்தார். வெள்ளி படிந்து கறுத்த அணுக்கள் கொடிபோன்ற நுண்ணிய கிளைகளுடன் தெளிவாய்த் தெரிந்தன. காஹாலின் மூன்றாவது அம்சம் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று மைக்ரோக்ளியா: மூளையில் காயமோ நோயோ நேர்ந்தால் கிளைகளைச் சுருக்கிக்கொண்டு உருண்டு, அழிந்த பொருள்களை விழுங்கும் காவலணு. மற்றது ஒலிகோடெண்ட்ரோக்ளியா: நரம்பு நார்களுக்கு உறை அமைப்பது. மைக்ரோக்ளியா மூளையில் பிறந்ததன்று, மூளை வளரும் பருவத்தில் வெளியிலிருந்து உள்ளே குடியேறுவது என்றும் அவர் துணிந்து கூறினார்.

காஹால் மைக்ரோக்ளியாவை ஏற்றார். மற்றதை ஏற்க மறுத்தார். அவ்வணுக்களை முதலில் கண்டவர் ஸ்காட்லாந்தின் ராபர்ட்ஸன் என்றும் எழுதினார். ஆராய்ச்சிசாலைக்குள் கோள்மூட்டலும் சேர்ந்துகொண்டது. 1920-இல் ஓர்தேகா வெளியேற்றப்பட்டார். மாபெரும் தலைவரைச் சூழ்ந்திருப்போர் அவர் காதில் ஓதி நல்ல தொண்டனை விரட்டும் விந்தை அரசியலில் நாம் அறியாததன்று. காஹாலின் பெருமை குன்றவேண்டும் என்பது நம் கருத்தல்ல. இவ்விஷயத்தில் அவர் தவறினார் என்று சொல்லாமலும் இருக்க முடியாது.

மாட்ரிட் மாணவர் இல்லம் ஓர்தேகாவுக்கு ஓர் அறை கொடுத்தது. 1924-இல் வட அமெரிக்காவிலிருந்து பென்ஃபீல்ட் என்ற இளம் சத்திர வைத்தியர் அவரிடம் பாடம் கற்க வந்தார். அவருடைய சோதனைகளும் ஒலிகோடெண்ட்ரோக்ளியாவை உறுதிசெய்தன. பின்னர் குருவும் சிஷ்யரும் ஒருவாறு சமாதானமாயினர்.

1928-இல் மாட்ரிட் தேசீயப் புற்றுநோய் நிலையத்தின் ஆராய்ச்சிப் பிரிவு அவர் பொறுப்பில் வந்தது. பிறகு தலைமைப் பதவியும் கிடைத்தது. மூளைக் கட்டி எந்த வகை அணுவிலிருந்து கிளம்பியது என்று தெரிந்தாலன்றி, கத்தி எதுவரை செல்லலாம், நோயாளி எத்தனை காலம் பிழைப்பார் என்பதைச் சத்திர வைத்தியர் மதிப்பிட இயலாது. வளர்ச்சியில் கற்ற பாடத்தை ஓர்தேகா கட்டிகளுக்குப் பிரயோகித்து, நரம்பு மண்டலக் கட்டிகளை வகைப்படுத்தினார். நோபெல் பரிசுக்கு 1929-இலும் 1937-இலும் அவர் பெயர் பிரேரேபிக்கப்பட்டது, பரிசு வரவில்லை.

1936-இல் யுத்தம் மூண்டது. நிலையம் இருந்த மான்க்ளோவா பகுதியே அவ்வாண்டு நவம்பரில் போர்முனையாயிற்று. குடியரசின் பக்கம் நின்ற ஓர்தேகா வலென்ஸியா சென்று, அங்கிருந்து பாரிஸில் க்ளோவிஸ் வின்ஸெண்டின் சத்திர வைத்தியப் பிரிவிலும், பின் ஆக்ஸ்போர்டில் ஹியூ கெய்ர்ன்ஸிடத்திலும் பணிபுரிந்தார். 1940-இல் பியூனஸ் அயர்ஸ் சேர்ந்தார். அங்கிருந்த ஸ்பானிஷ் கலாசார ஸ்தாபனம் ஆராய்ச்சிசாலை அமைத்துக்கொடுத்தது. கட்டிகளை ஆராய்ந்தவரைப் புற்றுநோயே பற்றிக்கொண்டது. 1945 ஜூன் முதல் தேதி அந்நிய மண்ணில் உயிர்நீத்தார்.

மைக்ரோக்ளியா வெளியிலிருந்து வருவது என்ற அவருடைய கூற்றைப் பல்லாண்டுகள் பலர் மறுத்தனர். 2010-இல் எலிகளில் நடந்த ஆராய்ச்சி அவ்வணுக்கள் கருவின் மஞ்சட்கருப் பையில் தோன்றி மூளைக்குள் செல்வதைக் காட்டியது. அவர் எண்ணியதைவிட முன்னதாகவே அவை புறப்படுகின்றன. வெளியார் என்பது மட்டும் அவர் சொன்னபடியே. மூளை வளர்கையில் வேண்டாத இணைப்புக்களைக் களைவதும் இவைதாம். கொடிய மூளைக் கட்டிகளுக்குள் இதே அணுக்கள் கட்டிக்கு அனுகூலமாக மாறிவிடுவதால், அவற்றை மீண்டும் நம் பக்கம் திருப்பும் சிகிச்சைகளை வைத்தியர்கள் இன்று தேடுகின்றனர்.

காஹாலுடன் நேர்ந்த பிணக்கைப்பற்றி, ஆசானும் நானும் என்று பொருள்படும் தலைப்பில் ஓர்தேகா எழுதிவைத்த நூல் 1986-இல் ஸ்பெயினில் வெளிவந்தது. அவருடைய எலும்புகளும் அதே வருஷம் வல்லடோலிட் வந்துசேர்ந்தன.