விண்மீன்களுக்கு வழிகாட்டி நூல் எழுதிய அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி (ரஹ்)

ஷஅபான் இருபத்தொன்பதாம் நாள் மஃரிபு நேரத்தில் நம் மதுரையைப் பார்க்க வேண்டும். கோரிப்பாளையத்திலும் காஜிமார் தெருவிலும் மொட்டை மாடிகளெல்லாம் நிரம்பி வழியும். தாத்தாமார் முதல் பேரப்பிள்ளைகள் வரை மேற்குத் திசையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிறை தெரிந்தால் ஒரு மகிழ்ச்சி. தெரியாவிட்டால் அறிவிப்பை எதிர்பார்த்துக் கீழே இறங்கிவிடுவோம். சற்றே திரும்பித் தென்வானத்தையும் ஒரு பார்வை பார்ப்போம் என்று நினைப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? அந்த வானத்தை எண்பத்திரண்டு வயது வரை வாழ்ந்து, அதில் பெரும்பகுதியை இரவு விழிப்பில் கழித்துப் பார்த்த ஒரு பெரியாரின் வரலாற்றைத்தான் இம்மாதம் எழுத முன்வந்துள்ளோம்.

அபுல் ஹுஸைன் அப்துர் ரஹ்மான் இப்னு உமர் அஸ்ஸூஃபி அவர்கள் ஹிஜ்ரி 291-ஆம் ஆண்டு முஹர்ரம் மாதம், அதாவது கி.பி. 903 டிசம்பரில், பாரசீகத்தின் ரை நகரில் பிறந்தார்கள். இன்றைய தெஹ்ரானை ஒட்டிய ஊர் அது. வானியலும் கணிதமும் அன்னாருக்குப் பிடித்தமான கலைகளாயின. புவைஹ் மரபின் பேரரசராக விளங்கிய அழுதுத் தவ்லாவின் ஆதரவில் இஸ்ஃபஹானிலும் ஷீராஸிலும் தங்கி ஆராய்ச்சி செய்தார்கள். அந்த அரசர் தமக்கு இலக்கணம் கற்பித்தவர் இன்னார், கோள் கணக்குகளைக் கற்பித்தவர் இன்னார், நிலையான நட்சத்திரங்களை அறிவித்தவர் ஸூஃபி என்று பெருமையோடு சொல்லிக்கொள்வாராம்.

அன்னாரின் குணத்தை அறிய ஒரு நிகழ்ச்சி போதும். ஹிஜ்ரி 335-இல் உஸ்தாத் அபுல் ஃபழ்ல் அவர்களுடன் தீனவர் நகருக்குப் பயணமானார்கள். அபூ ஹனீஃபா அத்தீனவரி என்ற பேரறிஞர் வாழ்ந்த ஊர் அது. அரபு மக்கள் நட்சத்திரங்களுக்கு வழங்கிய பெயர்களைத் தொகுத்து நூலாக்கியவர் அவர். அவர் பல ஆண்டுகள் இந்த வீட்டின் கூரைமேல் இருந்துதான் வானத்தை ஆராய்ந்தார் என்று ஊரார் ஒரு வீட்டைக் காட்டினார்கள். நாமாக இருந்தால் அதோடு வியந்து திரும்பியிருப்போம். ஸூஃபி அவர்களோ அந்த நூலை எடுத்து, அதில் உள்ளதை வானத்தோடு ஒப்பிட்டார்கள். அரபுப் பெயர்களைத் தொகுத்ததில் அதற்கு நிகரான நூல் இல்லை என்று மனமுவந்து பாராட்டினார்கள். அதேவேளை, ஆசிரியரின் கவனம் எல்லாரும் அறிந்த நட்சத்திரங்களிலும் பழைய ஏடுகளிலும் இருந்ததே தவிர வானத்தில் அவ்வளவாக இல்லை என்றும் எழுதிவிட்டார்கள். மரியாதையும் குறையவில்லை, உண்மையும் குறையவில்லை.

இந்த மனப்பான்மையிலிருந்துதான் ஹிஜ்ரி 353-ஐ ஒட்டி, கி.பி. 964-இல், ஸுவருல் கவாகிப் என்னும் பெருநூல் பிறந்தது. நிலையான விண்மீன்களின் உருவங்கள் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். இது பலன் சொல்லும் நூலன்று. கையில் எடுத்துக்கொண்டு இரவில் வெளியே போய் வானத்தை அடையாளம் காண்பதற்கு ஏற்பட்ட நூல். நட்சத்திரம் என்றதும் ஜோதிடம் என்று எண்ணி முகம் சுளிக்கும் சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இருளில் தரையிலும் கடலிலும் வழியறிவதற்கு நட்சத்திரங்கள் உதவும் என்று திருமறையின் அல்அன்ஆம் அத்தியாயம் அறிவிக்கிறது. அந்த வழியறிதலுக்கே அன்னார் நூல் செய்தார்கள்.

நூலின் அமைப்பைச் சற்று விளக்கினால் அதன் அருமை விளங்கும். கிரேக்க அறிஞர் பத்லமியூஸ் (தாலமி) வகுத்த 48 நட்சத்திரக் கூட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறார்கள். முதலில் அதன் நட்சத்திரங்களைப் பற்றிய விரிவான உரை. அடுத்து, பாலைவன அரபுகள் அவற்றுக்கு வழங்கிய பெயர்கள். பிறகு இரண்டு படங்கள்: ஒன்று நாம் தரையில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது தெரியும் உருவம், மற்றொன்று உலோகத்தில் செய்த வான உருண்டையை வெளியிலிருந்து பார்க்கும்போது தெரியும் உருவம். இரண்டும் இடம் வலம் மாறியிருக்கும். ஒரே படத்தை வைத்துக்கொண்டு திகைத்த மாணவர்களைக் கண்டுதான் இரண்டாகப் போட்டிருக்கிறார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது. இறுதியில் ஒவ்வொரு நட்சத்திரத்தின் இருப்பிடமும் ஒளியின் அளவும் அடங்கிய அட்டவணை.

ஒளியின் அளவில்தான் அன்னாரின் உழைப்பு தெரிகிறது. பத்லமியூஸ் சொன்ன அளவை அப்படியே ஏற்காமல், ஒவ்வொரு நட்சத்திரத்தையும் தம் கண்ணால் பார்த்து, இது இரண்டாம் தரம், இது மூன்றாம் தரத்தில் பெரியது, இது மூன்றில் சிறியது என்று நுணுக்கமாகப் பிரித்தார்கள். பிற்காலத்தில் அல்பீரூனி தம் நூலில் பத்லமியூஸின் அளவையும் ஸூஃபியின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார் என்றால் அதன் மதிப்பை அறியலாம்.

குறையையும் சொல்லிவிடுவது நம் கடமை. நட்சத்திரங்களின் இருப்பிடத்தை அன்னார் புதிதாக அளக்கவில்லை. பத்லமியூஸின் எண்களோடு 12 பாகை 42 கலையை ஒரேயடியாகக் கூட்டினார்கள். வானம் 66 ஆண்டுகளுக்கு ஒரு பாகை நகர்கிறது என்ற அக்காலக் கணக்கு அதற்கு அடிப்படை. உண்மையில் ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை என்பது இன்றைய கணக்கு. நூற்றாண்டுக்கு ஒரு பாகை என்ற பத்லமியூஸின் கணக்கைவிட இது எவ்வளவோ நெருக்கம். ஆயினும் பத்லமியூஸ் செய்த பிழைகள் அதே இடத்தில் தங்கிவிட்டன.

இனி நூலின் பெரும்புகழுக்குக் காரணமான செய்திக்கு வருவோம். வானத்தில் புள்ளியாகத் தெரியாமல் பஞ்சுத் துணுக்குபோல மங்கலாகத் தெரியும் சில இடங்கள் உண்டு. அரபியில் மேகம் என்னும் பொருளில் ஸஹாபிய்யா என்பார்கள். ஆந்த்ரோமீதா என்று இன்று அழைக்கப்படும் கூட்டத்தின் அருகே, அரபுகள் பெரிய மீனாகக் கற்பனை செய்த உருவத்தின் வாயருகே, இப்படியொரு மேகத் திட்டு இருப்பதை ஸூஃபி அவர்கள் குறித்தார்கள். நம் நட்சத்திர மண்டலத்துக்கு வெளியே உள்ள வேறொரு மண்டலத்தைப் பற்றிக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துக் குறிப்பு அதுவே என்பது அறிஞர் கருத்து. அதன் ஒளி நம்மை வந்தடைய 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. ஐரோப்பாவில் தொலைநோக்கி கொண்டு அதனைப் பார்த்து விவரித்தது 1612-இல். நவம்பர், டிசம்பர் மாதங்களில் இஷாவுக்குப் பின் மதுரையில் வடக்கு நோக்கி உச்சிக்குச் சற்றுக் கீழே பார்த்தால், விளக்கொளி இல்லாத இடத்தில், வெறும் கண்ணுக்கே அது தென்படும்.

தெற்கே மரக்கலக் கூட்டத்தில் மங்கலாகத் தெரியும் ஒரு நட்சத்திரக் கொத்தையும் அன்னார் பதிவு செய்தார்கள். மார்ச் மாத இரவுகளில் நம் தென்வானில் அது நன்றாக உயர்ந்து நிற்கும். ஷீராஸில் அடிவானத்தையொட்டிக் கிடந்ததை அவர்கள் கண்டுபிடித்தார்கள் என்பதை நினைக்கும்போதுதான் கண்ணின் கூர்மை புரிகிறது.

இங்கே ஒரு தவறான வழக்கைத் திருத்த விரும்புகிறோம். பெரிய மெகல்லன் மேகம் என்று ஒன்று தென்துருவத்தின் பக்கம் உண்டு. 1519-இல் புறப்பட்ட மெகல்லனின் கப்பலோட்டிகள் வழியாக ஐரோப்பாவில் பேர்பெற்றது. அதை ஸூஃபி அவர்கள் வெள்ளை எருது என்று பெயரிட்டுக் கண்டுபிடித்தார்கள் என நம்மவர் பலர் மேடைகளில் முழங்குகிறார்கள். நூலில் உள்ளது வேறு. ஸுஹைல் நட்சத்திரத்தின் பாதங்களுக்குக் கீழே வெண்மையாகச் சில உண்டு, இராக்கிலும் நஜ்திலும் அவை தெரிவதில்லை, திஹாமா மக்கள் அவற்றை அல்பகர், அதாவது மாடுகள், என்கிறார்கள் என்று சிலர் கூறுவதாக எழுதுகிறார்கள். பத்லமியூஸ் இதைச் சொல்லவில்லை என்பதையும், இது மெய்யா பொய்யா என்பது தமக்குத் தெரியாது என்பதையும் அடுத்தாற்போல் எழுதுகிறார்கள். ஷீராஸில் அந்த மேகம் அடிவானத்துக்கு மேலே எழுவதில்லை. தாம் காணாததைக் கண்டதாகச் சொல்ல அன்னாருக்கு மனம் வரவில்லை. கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகவே பதிவு செய்தார்கள். ஹதீஸ் அறிவிப்பாளர்களின் ஒழுங்கை அறிந்த நம் இல்லங்களுக்கு இதன் பெருமையை விரித்துரைக்கத் தேவையில்லை. நாம் கூட்டிச் சொல்லும் புகழை அவர்களே மறுத்து வைத்திருக்கிறார்கள்!

அன்னார் வானத்தை ஏட்டில் மட்டும் வரைந்தவரல்லர். அழுதுத் தவ்லாவுக்காக வெள்ளியில் ஒரு வான உருண்டை செய்தார்கள். 3,000 திர்ஹம் எடையுள்ள அந்த உருண்டையை ஹிஜ்ரி 435-இல் கெய்ரோ நூல்நிலையத்தில் ஒருவர் பார்த்ததாகப் பதிவாகியுள்ளது. அஸ்தர்லாப் என்னும் கருவியைப் பயன்படுத்தும் முறை பற்றியும் விரிவாக எழுதினார்கள். ஷீராஸில் பெரிய வளையக் கருவி ஒன்றைக் கொண்டு சூரியப் பாதையின் சாய்வையும் அளந்தார்கள். மகனாரும் தந்தை வழி நின்று நட்சத்திரங்களைப் பற்றிச் செய்யுள் நூல் இயற்றினார். ஹிஜ்ரி 376 முஹர்ரம் மாதம், கி.பி. 986-இல், அன்னார் இறையடி சேர்ந்தார்கள்.

நூல் மட்டும் ஓயவில்லை. 1250-இல் நஸீருத்தீன் தூஸி அதனைப் பாரசீகத்தில் பெயர்த்தார். ஸமர்கந்தின் அரசர் உலூக் பேக் தமக்கென எழுதுவித்த அழகிய பிரதி இன்று பாரிஸில் இருக்கிறது. 1874-இல் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வெளிவந்தது. சந்திரனில் உள்ள ஒரு பள்ளத்துக்கும் அன்னார் பெயரையே, அஸோஃபி என்று ஐரோப்பியர் வாயில் மருவிய உருவத்தில், இட்டிருக்கிறார்கள். நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. மூல அரபு நூலை அச்சில் கொண்டு வந்தது ஹைதராபாத் தாயிரத்துல் மஆரிஃபில் உஸ்மானிய்யா, ஆண்டு 1954. அரபி மத்ரஸா நூலகங்களில் அந்தப் பதிப்பு எங்கேனும் இருந்தால், அலமாரியிலிருந்து அதை வெளியே எடுக்குமாறு உலமாப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

ஸுஹைல் என்று அரபுகள் அழைத்ததைத்தான் நம் தமிழ் முன்னோர் அகத்தியர் நட்சத்திரம் என்றார்கள். ஷீராஸில் அது உச்சத்திலும் எட்டுப் பாகைக்கு மேல் ஏறாது. மதுரையிலோ 27 பாகை உயரம் வருகிறது. பிப்ரவரி நடுவில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே முகம் வைத்து நின்றால் வேறு எதோடும் குழப்பிக்கொள்ள முடியாத அளவு பிரகாசமாகத் தெரியும். அதற்குக் கீழே, சற்று மேற்கே தள்ளி, அடிவானத்திலிருந்து பத்துப் பாகை உயரத்தில்தான் திஹாமா மக்களின் அந்த மாடுகள் இருக்கின்றன. 1987 பிப்ரவரியில் வெறும் கண்ணுக்கே தெரியும்படி ஒரு நட்சத்திரம் வெடித்தது அங்கேதான். 1,60,000 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளி அது.

நகரத்து விளக்கொளியில் இதைப் பார்க்க இயலாது. திருமங்கலத்தைத் தாண்டித் தெற்கே கரிசல் வெளிக்குப் போக வேண்டும். நிலவில்லாத நாளாக இருக்க வேண்டும். தெற்கே மலையோ தோப்போ மறைக்கக் கூடாது. ஜனவரிக் கடைசியில், இஷா தொழுதபின், கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் காத்திருங்கள். ஸூஃபி அவர்கள் மெய்யா பொய்யா என்று முடிவு சொல்லாமல் விட்டுவைத்த அந்த வெண்திட்டு, வயல் வரப்புக்கு மேலே ஒரு கைப்பிடிப் புகைபோல நிற்கும்.